தேதி தாண்டிய பிறகு

மருத்துவமனை அட்டையில் பிரசவத் தேதி என்று எழுதித் தரப்படுவது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிக் கணக்கிட்ட உத்தேச நாள். சரியாக அந்நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். ஆயினும் பெரம்பூரில் தாய்வீட்டுக்கு வந்திருந்த என் தங்கைக்குத் தேதி கடந்ததும், "இன்னும் வலி எடுக்கவில்லையா?" என்று காலை முதல் இரவு வரை போன் வந்துகொண்டே இருந்தது. அக்கறையில் கேட்பதுதான், ஆனால் அது அவளை எவ்வளவு கலங்க வைத்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன் காட்டும் தேதியே நம்பத்தக்கது. ஒன்பதாம் மாத ஸ்கேன் குழந்தையின் அளவை வைத்துக் கணிப்பதால், அதில் வேறொரு தேதி வந்தால் குழம்ப வேண்டாம்.

நாற்பது வாரம் நிறைந்தபின் வலிக்காகக் காத்திருக்கலாம். கண்காணிப்பில்லாமல் காத்திருக்கக் கூடாது. நாள் செல்லச் செல்ல நஞ்சுக்கொடியின் திறன் குறையலாம், பனிக்குட நீர் வற்றலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடலாம். ஆபத்தின் அளவு சிறியதுதான் என்றாலும் அது ஏறிக்கொண்டே போவதால், 41 வாரம் நிறைந்தவர்களுக்கு வலி வரவைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருத்துவர் அதற்கு முன்பே முடிவெடுப்பார்.

இந்த நாட்களில் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்ப்பார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் என்எஸ்டி சோதனை எடுப்பார்கள். தங்கையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்தும்படி கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். காகிதத்தில் ஓடும் துடிப்பின் கோடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்க, குழந்தை அசையும்போது துடிப்பு சற்று உயர்ந்து இறங்குவதே நல்ல அறிகுறி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் இருபது நிமிடச் சோதனை நாற்பது நிமிடமாகும். அதற்காகப் பதறத் தேவையில்லை.

வலி வரவைப்பதென்றால் ஊசி போட்டதும் குழந்தை பிறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருப்பை வாய் இளகாதிருந்தால் முதலில் ஜெல் வைப்பார்கள், அல்லது பலூன் குழாய் பொருத்துவார்கள், பிறகுதான் டிரிப்ஸ். முதல் பிரசவத்தில் இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருந்தால், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவளை நெருக்க மாட்டார்கள். யார் சொன்னாலும் விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடல் வறண்டு சோர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அசைவு. கடைசி நாட்களில் உள்ளே இடம் போதாமல் அசைவு குறைவது இயல்பு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள், அது தவறு. அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையிலும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பிரசவ வார்டு இரவிலும் இயங்கும். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.