பரிமாறுபவருக்கும் நுரையீரல் உண்டு

உணவகத்தில் புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் சம உரிமை வேண்டும் என்று யாராவது வாதிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. மேசை துடைப்பவரையும் பரிமாறுபவரையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. வாடிக்கையாளர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாம். இவர்கள் வேலை முடியும்வரை அந்தப் புகையில்தான் நிற்க வேண்டும். சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தனிப் பகுதி ஒதுக்கினாலும், காற்றோட்டக் கருவி பொருத்தினாலும் அவை முழுமையாக நீங்குவதில்லை. அயர்லாந்து 2004இலேயே மதுக்கூடங்கள், உணவகங்கள் உட்பட மூடிய பணியிடங்களில் புகைப்பதை நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது.

புகைப்பவர்களை நான் வெறுக்கவில்லை. அந்தப் பழக்கத்தின் பிடி கொடியது. வெளியே, வாசலிலிருந்தும் சன்னலிலிருந்தும் தள்ளி, மழைக்கு ஒதுங்கக் கூரையுடன் ஓர் இடத்தை அவர்களுக்குக் கட்டாயம் கொடுங்கள். உள்ளே மட்டும் அனுமதிக்காதீர்கள்.