நாலெழுத்துக்கு ஆறு வாரம்

எங்கள் பேட்டையில் ஒரு சின்ன ரசிகர் வட்டம் உண்டு. மாதம் ஒரு கச்சேரி, கச்சேரிக்கு அப்புறம் காபி, காபிக்கு அப்புறம் சண்டை. அந்தச் சண்டைகளை எழுதி வைத்தால் என்ன என்று யாரோ சொல்லப்போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32 பக்கத்தில் ஓர் இசை இதழ் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ஏ5 அளவு, நடுவில் இரண்டு பின், 200 பிரதி, தனிச்சுற்றுக்கு மட்டும். பெயர் ‘ஆலாபனை’. வடிவமைப்பு என் தலையில் விழுந்தது. பகலில் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவன் நான் மட்டும்தான்.

மாஸ்ட்ஹெட், அதாவது அட்டையில் வரும் பெயர் எழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்திருந்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் வாரம் முழுக்க நான் செய்ததை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ‘ஆ’வின் சுழிக்குள் ஒரு தம்புரா. ‘லா’வின் காலை நீட்டி வீணைத் தந்தி. மேலே ஒரு டிரெபிள் கிளெஃப், மேற்கத்திய இசைத்தாளில் கோடுகளின் தொடக்கத்தில் வருமே, அந்தச் சுருள் குறி. இந்த டிரெபிள் கிளெஃப் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நாதஸ்வரக் கச்சேரி நோட்டீஸில்கூட அதுதான் இருக்கிறது. நாம் ஐந்து கோடு போட்டுப் பாட்டு எழுதுகிறவர்களா என்ன? இருந்தும் நானும் போட்டேன். பாட்டுச் சார் பார்த்துவிட்டு, “கிடார் கிளாஸ் விளம்பரமாப்பா?” என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி இன்னும் மோசம். வெளிநாட்டு இசைப் பத்திரிகைகளின் அட்டைகளை நிறையப் பார்த்துவிட்டு, முதல் எழுத்தைப் பெரிதாக்கி மற்றதைச் சின்னதாக்கினால் கம்பீரமாக இருக்கும் என்று தோன்றியது. ‘ஆ’வை அரக்கு நிறத்தில் பெரிதாகப் போட்டு, மிச்சத்தைக் கறுப்பில் பக்கத்தில் அடுக்கினேன். ஏ5 தாளில் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பிரமாதம் என்று நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வட்டத்தின் பொருளாளர் வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “லாப... லாபனையா? நம்ம பத்திரிகையிலயா லாபம்?” என்றார்.

அவர் கண்ணில் கோளாறு இல்லை. ‘ஆ’ தனியாக ஒரு படம்போல ஒதுங்கிக்கொண்டது, மிச்சம் மூன்றெழுத்து ஒரு தனிச் சொல்லாக நின்றது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சேர்ந்து ஒரு சொல்லாகும் என்பது கண்ணுக்குப் பழக்கம். நமக்குத் தலையெழுத்து என்று தனியாக ஒரு வரிசை கிடையாது. எல்லாம் ஒரே குடும்பம், ஒரே உயரம். ஒன்றைத் தூக்கினால் மற்றது அறுந்துபோகிறது. எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். லாபத்தைப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும் சொல்லுக்குக் கட்டாயம் ஆகும்.

அப்புறம்தான் ‘னை’ பிரச்சினை கிளம்பியது.

சார் எழுபதைத் தாண்டியவர். கடிதம் எழுதினால் இன்றைக்கும் பழைய ‘னை’தான். இப்போது நாம் ‘ன’வுக்கு முன்னால் தனியாக ஒரு கொம்பு போடுகிறோம். முன்பு ண, ல, ள, ன நான்குக்கும் அந்தக் கொம்பு எழுத்தோடு ஒட்டியே மேலே வளைந்து நிற்கும், யானை துதிக்கையைத் தூக்கியதுபோல. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் இதை மாற்றி அச்சிட ஆரம்பித்துவிட்டார். தமிழக அரசு ஆணை போட்டது 1978-ல். “பழைய எழுத்துல போட்டா அந்த வளைவு ஒரு கமகம் மாதிரி இருக்கும், பாரேன்” என்றார் சார். கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது. ஆசையாகத்தான் இருந்தது. யூனிகோட் ஃபாண்ட்களில் அந்த உருவம் அநேகமாகக் கிடையாது என்பதால் கையால் வரைந்தேன். வளைவை நீட்டி, ‘ப’வின் தலைக்கு மேலே கொண்டுபோய், ‘லா’வின் காலைத் தொடுகிற மாதிரி நிறுத்தினேன். இது ஒரு காரியமும் செய்தது: ‘ப’வின் மேல்பக்கம் திறந்து கிடக்கிறது அல்லவா, சொல்லின் நடுவில் அந்த இடம் பல்விழுந்த மாதிரி இருந்தது. வளைவு அதை மூடிவிட்டது.

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் காட்டினேன். “ஆலாப... என்ன மாமா, னவுக்கு வால் முளைச்சிருக்கு?” அவ்வளவுதான். மார்கழியில் மண்டபத்து வாசலில் மேஜை போட்டு விற்கப்போகிற இதழ். அங்கே வருகிற பாதிப் பேர் 1978-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள். புது ‘னை’ என்று முடிவு செய்தோம். சார் ஒரு நாள் பேசவில்லை, மறுநாள் சரியாகிவிட்டார்.

இதற்கிடையில் உள்பக்கத்துக்கு ஃபாண்ட் தேடும் வேலை. முதலில் இதை அலட்சியமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இலவசமாகக் கிடைப்பவற்றில் ஐந்தாறை இறக்கிக்கொண்டேன்: நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ். கேட்டமரனில் ஒன்பது தடிமன் இருக்கிறது. அனெக் தமிழில் தடிமனோடு எழுத்தின் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். இது தமிழுக்குப் பெரிய உபகாரம், நம் தலைப்புகள் ஒரு வரியில் அடங்குவதே இல்லை. ஒரே கட்டுரையை ஐந்திலும் அடித்துப் பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

தேர்வை முடித்து வைத்தது கட்டுரைப் பக்கம் இல்லை, ஸ்வரப் பக்கம். இதழில் ஒவ்வொரு முறையும் ஒரு கீர்த்தனைக்கு ஸ்வரக் குறிப்பு போடுவதாகத் திட்டம். சார் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாட்டுக் கற்பவர்களின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் முதல் வரி எல்லாருக்கும் தெரியும்:

ஸ ரி க ம | ப த | நி ஸ் ||

அந்தக் கடைசி ‘ஸ்’ மெய்யெழுத்து இல்லை. மேல் ஸ்தாயி ஸட்ஜம், அதாவது ஏழு ஸ்வரமும் ஏறி முடிந்தபின் உயரத்தில் மறுபடி வரும் ‘ஸ’. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது வழக்கம். தமிழில் மேலே புள்ளி வைத்தால் அது மெய். பாடத் தெரிந்தவருக்குக் குழப்பமே வராது. ஆனால் ஸ்வர வரிக்கு நேர்கீழே சாகித்ய வரி, அதாவது பாட்டின் சொற்கள், வருகிறது. மேல் வரியில் ‘க்’ என்றால் மேல் ஸ்தாயி காந்தாரம், கீழ் வரியில் ‘க்’ என்றால் வெறும் க். ஒரே உருவம், ஒரே அளவு, ஒன்றின் கீழ் ஒன்று. ‘ரி’யும் ‘நி’யும் இன்னும் தொல்லை. மேலே ஏற்கெனவே சுழி உட்கார்ந்திருக்கிறது, புள்ளி எங்கே போகும்? ஒரு ஃபாண்டில் சுழியின்மேலேயே விழுந்தது. இன்னொன்றில் நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொண்டது. சார் எழுதும் முறையில் இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, மேலே ஒரு கோடு வேறு. அதற்கும் அதே இடம்தான் வேண்டும்.

1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ அச்சானபோது கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் வைத்து அச்சுக் கோத்தார்கள். அது தெலுங்கு லிபி, அங்கே இந்தப் புள்ளித் தகராறு இல்லை. இருந்தாலும் ஈய எழுத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தவர்களை நினைத்தால், கணினியை முன்னால் வைத்துக்கொண்டு நான் அலுத்துக்கொள்வது நியாயமில்லைதான்.

ஒரு வாரம் போராடி வந்து சேர்ந்த வழி இது. ஸ்தாயிப் புள்ளியை எழுத்தாக அடிக்கவே இல்லை. சாய்சதுரமாக ஒரு சின்னக் கட்டி வரைந்து, சுழிக்கும் மேலே ஒரு மில்லிமீட்டர் தூக்கி வைத்தேன். மெய்ப்புள்ளி வட்டம், ஸ்தாயிப் புள்ளி சதுரம். இது எடுபட வேண்டுமானால் ஃபாண்டின் சொந்தப் புள்ளி சின்ன அளவிலும் தெளிவாக வட்டமாகத் தெரிய வேண்டும். அதோடு ‘ஸ’ நன்றாக இருக்க வேண்டும். ஸ்வரப் பக்கத்தில் வரிக்கு நாலு ‘ஸ’ வருகிறது. சாதாரணத் தமிழ்ப் பக்கத்தில் எப்போதோ வருகிற எழுத்து என்பதால் சில ஃபாண்ட்களில் அதை இடித்துப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், 9 பாயிண்டில் கறுப்புக் கட்டியாகத் தெரிகிறது. இந்த இரண்டு பரீட்சையில் என் கண்ணுக்கு முக்தா மலர் தேறியது. ஸ்வரத்துக்கும் தலைப்புகளுக்கும் அதை எடுத்துக்கொண்டேன். கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், 10.5 பாயிண்ட், வரிக்கு வரி 15.5. ஸ்வர வரிகளுக்கு மட்டும் 24. ஒவ்வொரு அட்சரத்துக்கும் சம அகலத்தில் கட்டம், ஏனென்றால் ‘நி’ கால் நீட்டி உட்காரும், ‘ப’ ஒடுங்கி நிற்கும். கார்வைக்கு, அதாவது ஸ்வரத்தை நீட்டுவதற்கு, வரும் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் தடிமனாக்கினேன். அவற்றைத் தவறவிட்டால் தாளம் போய்விடும்.

ராகப் பெயர்களை ஆங்கிலப் புத்தகங்களில் சாய்த்துப் போடுவார்கள். தமிழில் சாய்த்துப் பார்த்தேன், எழுத்துகள் பஸ்ஸில் பிரேக் போட்ட மாதிரி சாய்ந்தன. தடிமனாக்கினால் பக்கம் முழுக்க அம்மை போட்டதுபோல ஆயிற்று. பேசாமல் விட்டுவிட்டேன். தோடியைத் தோடி என்று தெரிந்துகொள்ள அடையாளம் எதற்கு?

இனி மறுபடி அட்டை. தடிமனான முக்தா மலரில் நாலெழுத்தையும் அடித்தால் சுத்தமாக இருந்தது, ஆனால் மருந்துக்கடைப் பலகை போலவும் இருந்தது. எங்கள் தெருமுனையில் முன்பு போர்டு எழுதிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்தபின் வண்டி நம்பர் எழுதுவதோடு சரி. அவரிடம் போனேன். பேப்பரைப் பார்த்தார். தட்டை பிரஷ்ஷை எடுத்து, முதலில் ‘ப’வை எழுதினார். எதற்கு என்று கேட்டேன். “நடுவுல குட்டி எழுத்து. அதுக்கு இடம் தெரிஞ்சாத்தான் மத்ததுக்கு இடம் தெரியும்” என்றார். ‘ப’வின் இடது கம்பத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து எழுதியிருந்தார். ‘லா’வின் காலும் ‘ப’வின் கம்பமும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல் கம்பி மாதிரி நின்றது என் வரைவில். அந்தச் சின்னச் சாய்வில் அது போய்விட்டது. ‘ப’வின் அடிக்கோட்டைத் தடித்து எழுதியதில் மேலே திறந்த இடமும் உறுத்தவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். காசு வேண்டாம் என்றார், டீ மட்டும் குடித்தார்.

அதை ஸ்கேன் செய்து இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் எடுத்தேன். தானாக எடுத்தால் பிரஷ்ஷின் பிசிறெல்லாம் நூறு நூறு புள்ளியாக வந்தது. அழித்துவிட்டு, கையாலேயே வளைவு வளைவாக வரைந்தேன். ஓரிரண்டு பிசிறை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன், ‘ஆ’வின் வால் முடிகிற இடத்தில் பார்த்தால் தெரியும். உயரம் 30 மில்லிமீட்டர், அரக்கு நிறம், வெள்ளைத் தாள். கீழே பொடி எழுத்தில் ‘மலர் 1 இதழ் 1’.

அச்சகத்தில் ஒரு கூத்து. நான் கொடுத்த கோப்பை அவர்கள் கணினியில் திறந்தபோது, தலைப்புகளில் கொம்பெல்லாம் எழுத்தை விட்டு இறங்கி வலது பக்கம் போய் நின்றது. ‘கீர்த்தனை’ என்றால் ‘ன’ முன்னால், கொம்பு அதற்குப் பின்னால். அவர்களுடைய பழைய மென்பொருளுக்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. “எல்லாத்தையும் கர்வ்ஸ் போட்டுக் கொடுத்துருங்க சார்” என்றார் அங்கிருந்த தம்பி. எழுத்தையெல்லாம் படமாக மாற்றிக் கொடுத்தேன். இனிமேல் ஒரு எழுத்துப்பிழை என்றால்கூட முதலிலிருந்து வரவேண்டும்.

நேற்று மாதிரிப் பிரதி வந்தது. சாரிடம் கொண்டுபோனேன். அட்டையை ஒரு பார்வைதான் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேராக 23-ஆம் பக்கத்துக்குப் போனார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தவர், மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“இங்க மேல் ஸட்ஜம். புள்ளி எங்கப்பா?”

பார்த்தேன். சாய்சதுரம் ஒன்று கர்வ்ஸ் போட்டபோது எங்கோ உதிர்ந்திருக்கிறது. கோப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.