நாலு இன்ச் ஆசையும் இரண்டு இன்ச் வண்டியும்

ஓடோமீட்டர் 61,200

காட்டுப் பாதையில் அடி தட்டாமல் இருக்க, ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்த வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. எவ்வளவு என்பதில்தான் இழுபறி. மனசு 4 இன்ச் கேட்கிறது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் இது வேலைக்குப் போகிற வண்டி, அம்மா ஏறுகிற வண்டி. காட்டுப் பாதை மாதத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. முன்னால் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்), பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸில், நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து, புதிதாக உரசிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நாலு பயணத்துக்குப் பிறகு பார்த்தால், முன் பம்பரில் ஒன்றுகூட இல்லை. பின் டிஃப்ரென்ஷியலில், அதாவது ஆக்ஸிலில் தொங்கும் கியர் உருண்டையில், ஒரே ஒரு கீறல். மற்ற எல்லாமே நடு வயிற்றிலும் பக்கவாட்டுப் படிக்கட்டிலும்.

இதில் எனக்குப் பெரிய பாடம் இருந்தது. பின் ஆக்ஸில் சக்கரத்தோடு இணைந்தது. எத்தனை இன்ச் ஸ்பிரிங் போட்டாலும் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதுதான் உயரும், டிஃப்ரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அது உயர டயர்தான் பெரிதாக வேண்டும், அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 245/70 ஆர்16-இலிருந்து 265/70 ஆர்16-க்குப் போனால் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடும், டிஃப்ரென்ஷியலுக்கு 14.

நடு வயிற்றுக்குக் கணக்கு போட்டேன். அச்சுகளுக்கு இடையே 2,700 மில்லிமீட்டர், தரையிலிருந்து 220. மேட்டின் உச்சியில் தட்டாமல் கடக்கும் கோணம் சுமார் 18.5 டிகிரி. 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் 22.6, நூறு உயர்த்தினால் 26.7. அதாவது முதல் 2 இன்ச்சில் 4 டிகிரி, அடுத்த 2 இன்ச்சில் இன்னொரு 4. நான் போகிற பாதைகளுக்கு அந்த இரண்டாவது நாலு டிகிரி தேவையா என்று யோசித்தேன். மனசாட்சிப்படி, இல்லை. படிக்கட்டைக் கழற்றினாலே பாதி உரசல் போய்விடும், செலவே இல்லை. அதில் கால் வைத்து ஏறுகிறவர் அம்மா என்பதுதான் சிக்கல்.

62,050

நண்பனின் 4 இன்ச் வண்டியை இரண்டு நாள் வாங்கி வேலைக்கு ஓட்டினேன். பாறையில் ராஜா, மறுப்பதற்கில்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது காற்று அடித்தால் வண்டி தள்ளாடியது. பிரேக் பிடித்தால் மூக்கு குப்புற இறங்கியது. கவிழும் அபாயத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: இடது, வலது சக்கரங்களின் இடைவெளியில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். இடைவெளி 1,500, எடை மையம் 700 என்றால் 1.07. மையம் 50 உயர்ந்தால் 1.0. நூறு உயர்ந்தால் 0.94. எண் குறையக் குறைய அபாயம் கூடும். அவசரத்தில் வளைத்து ஒடிக்கிற அந்த ஒரு நொடிக்கு இந்த எண் முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. என் வண்டி மாதிரி முன் சஸ்பென்ஷனில் 2 இன்ச்சைத் தாண்டினால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடிக்கொண்டே போகும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். அதைச் சரிசெய்ய முன் டிஃப்ரென்ஷியலையே இறக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது.

சரி, 2 இன்ச். பழைய ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற கட்டையை மட்டும் வைத்தால் கம்மிச் செலவு என்றார்கள். ஆனால் அப்போது ஷாக் அப்சார்பர் பழசாகவே இருக்கும், அதன் நீளமும் மாறாது. சக்கரம் கீழே தொங்கும் தூரத்தைத் தின்றுதான் அந்த உயரம் கிடைக்கும். வேண்டாம் என்று ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்டாக வாங்கினேன்.

63,400

மாட்டியாயிற்று. முதல் தவறு என்னுடையது: பின்னால் நிரந்தரமாக 200 கிலோ சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வாங்கினேன். பிற்பாடு இரும்பு பம்பர், மேல் கேரியர் எல்லாம் வரும் என்ற கனவு. வெறும் வண்டியில் அது பின்பக்கத்தை 70 மில்லிமீட்டர் தூக்கிவிட்டது, ஒவ்வொரு வேகத்தடையிலும் உதை. “ஏன்டா, புதுசா மாட்டினியா, இருந்ததைக் கழட்டிட்டியா?” என்றார் அம்மா. மூன்றாவது வாரம் சாதாரண எடைக்கான ஸ்பிரிங்குக்கு மாற்றினேன். கனவுக்கு ஸ்பிரிங் வாங்கக் கூடாது, இன்று வண்டியில் இருக்கிற எடைக்கு வாங்க வேண்டும்.

இரண்டாவது தவறும் என்னுடையதுதான். சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ் ஆர்மின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் நின்று சக்கரம் தொங்கும்போதே முழுதாக முறுக்கிவிட்டேன். அந்த போல்ட் போகிற இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ், உள்ளே இருக்கும் குழாயோடு ஒட்டியது. தொங்கிய நிலையில் பூட்டினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். கிறீச் கிறீச் என்று சத்தம், உயரமும் கணக்கைவிட 8 மில்லிமீட்டர் அதிகம். வண்டியைத் தரையில் நிறுத்தி, அடியில் படுத்து, போல்ட்டைத் தளர்த்தினேன். “டொக்” என்று ஒரு சத்தம், மூக்கு கண்முன்னே இறங்கியது. அப்படியே நின்ற நிலையில் மறுபடி முறுக்கினேன். சத்தம் போயே போச்சு. (உயரத்தைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பது நல்லது, தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று பொய் சொல்லும்.)

64,100

ஸ்டீயரிங் வளைவு முடிந்ததும் தானாக நேராகத் திரும்பவில்லை, கையால் திருப்ப வேண்டியிருந்தது. அலைன்மென்ட் இயந்திரத்தில் கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, 1.6 டிகிரி; முன்பு 3.1 இருந்தது. உயர்த்தினால் குறையும் என்று படித்திருந்தேன், இவ்வளவு தெரியும் என்று நினைக்கவில்லை. மேல் ஆர்மை மாற்றி 3.4-க்குக் கொண்டுவந்த பிறகுதான் கை ஓய்ந்தது. இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

பின் ஆக்ஸில் 5 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. ஆக்ஸிலை உடலோடு குறுக்காக இணைக்கும் பேன்ஹார்டு ராடு ஒரு வில்லில் சுழல்வதால் அப்படித்தான் ஆகும். இந்த அளவை விட்டுவிட்டேன். விடக் கூடாதது வேறு: சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் லோடு வால்வு. ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போய் அதைத் திருப்புகிறது. உடல் உயர்ந்ததும் பின்னால் சுமையே இல்லை என்று அது நம்பி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் பிராக்கெட்டை உயர்த்தினேன். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பார்த்தேன், இழுவை இல்லை. ஹெட்லைட் ஒளியைத் தாழ்த்தியதும் எதிர்வண்டிக்காரர்கள் லைட் அடித்துக் காட்டுவதை நிறுத்தினார்கள்.

66,300

முன்னால் 46, பின்னால் 38 மில்லிமீட்டர் உயர்வில் வண்டி உட்கார்ந்துவிட்டது. 265 டயரும் ஏறியது. மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 83. நேற்று பழைய பாதையில் போய்வந்து மறுபடி சாக்பீஸோடு படுத்தேன். நடு வயிற்றில் ஒரே வட்டம். டிஃப்ரென்ஷியலில் புதிதாக ஒன்று, அது நான் சக்கரத்தைத் தப்பான கல்லில் வைத்ததால்.

படிக்கட்டைக் கழற்றிவிட்டேன். பின்பக்கம் ஒரு முக்காலி வைத்திருக்கிறேன். அம்மா அதில் கால் வைத்து ஏறி, உட்கார்ந்து, கதவைச் சாத்துகிறார். முக்காலியை எடுத்து உள்ளே போடுவது என் வேலை. இன்று காலை அதை மறந்து அப்படியே விட்டுவிட்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.