பெயர் எங்கிருந்து வந்தது?

பணியின் கடைசிச் சில வருடங்கள், நேரடித் தேர்வில் வந்த உதவி ஆய்வாளர்களுக்குப் புலனாய்வு வகுப்பு எடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. நல்ல பிள்ளைகள். சட்டப் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மகசர் எழுதச் சொன்னால் திருத்தமாக எழுதுவார்கள். ஆனால் ஒரு கொலை வழக்கில் நான்கு பேரின் பெயரைக் கொடுத்து, இவர்களில் யார் மேல் சந்தேகம் நிற்கும், யார் மேல் நிற்காது, ஏன் என்று கேட்டால் வகுப்பு தடுமாறிவிடும். பெரும்பாலும் நால்வரில் யார் மோசமான ஆளோ அவரைக் கைகாட்டுவார்கள்.

நம்மூர் வழக்கு எதையாவது பயிற்சிக்கு எடுத்தால் சாதி, கட்சி, ஊர்ப்பாசம் எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். வகுப்பில் யாருக்கும் ஒட்டுறவு இல்லாத, தீர்ப்பு என்று ஒன்று வராத, அதே சமயம் காகிதங்கள் கைக்குக் கிடைக்கிற வழக்காக வேண்டும் என்று தேடித்தான் 1888-ஆம் வருட லண்டன் ஒயிட்சாப்பல் கொலைகளுக்கு வந்து சேர்ந்தேன். ஆகஸ்ட் 31 அன்று மேரி ஆன் நிக்கல்ஸ், செப்டம்பர் 8 அன்று அன்னி சாப்மன், செப்டம்பர் 30 அதிகாலையில் ஒரு மணி நேர இடைவெளிக்குள் எலிசபெத் ஸ்ட்ரைடும் கேத்தரின் எட்டோஸும், நவம்பர் 9 அன்று மேரி ஜேன் கெல்லி. ஐந்து பேரும் வறுமையில் இருந்த பெண்கள். கெல்லியைத் தவிர மற்றவர்கள் சில பென்ஸ் கொடுத்து ஒரு இரவுக்குப் படுக்கை பிடிக்கும் விடுதிகளில் காலம் தள்ளியவர்கள். கொன்றவன் பிடிபடவே இல்லை. 'ஜாக் தி ரிப்பர்' என்று உலகம் அவனுக்குச் சூட்டியிருக்கும் பெயர்கூட ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் கடைசியில் இருந்த கையெழுத்துதான். அதை எழுதியவர் ஒரு பத்திரிகைக்காரர் என்று அன்றைய மூத்த அதிகாரிகளே சிலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இன்றுவரை நூறுக்கு மேற்பட்ட ஆட்களின் பெயர்கள் இந்த வழக்கில் அடிபட்டிருக்கின்றன. வகுப்பில் நான் முதலில் கொடுப்பது மெக்நாட்டன் எழுதிய குறிப்பை. லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் உயர் அதிகாரி மெல்வில் மெக்நாட்டன் 1894 பிப்ரவரி 23 தேதியிட்டு எழுதியது அது. ட்ரூயிட், கோஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ரோக் என்று மூன்று பெயர்கள் அதில் இருக்கின்றன. ரிப்பர் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இந்த மூவரில் ஒருவரிடமிருந்துதான் தொடங்குவார்கள்.

"உயர் அதிகாரியே எழுதிட்டாரே மேடம், அப்புறம் என்ன?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். கேட்கட்டும் என்றுதான் கொடுப்பது. அந்த அதிகாரி எப்போது வேலையில் சேர்ந்தார் என்று பார்க்கச் சொல்வேன். 1889 ஜூன். கடைசிக் கொலை நடந்து ஏழு மாதம் கழித்து. அவர் சம்பவ இடத்தைப் பார்த்தவரும் இல்லை, சாட்சிகளை விசாரித்தவரும் இல்லை. அதைவிட முக்கியம், எதற்காக அந்தக் குறிப்பை எழுதினார் என்பது. 'தி சன்' என்ற நாளிதழ் வேறொரு மனநோயாளியைச் சுட்டிக் கட்டுரை வெளியிட்டிருந்தது. அது தவறு என்று காட்டத்தான் எழுதினார். அந்த மனநோயாளியைவிட இந்த மூவருக்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான் வாதம். ஒருவரை விடுவிப்பதற்காக எழுதிய காகிதத்தை மூன்று பேர் மேல் போட்ட குற்றப்பத்திரிகையாக நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆஸ்ட்ரோக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த மாதங்களில் அந்த ஆள் பிரான்ஸில் சிறைப்பட்டிருந்தார் என்று பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடி எடுத்துவிட்டார்கள்.

ட்ரூயிட் கதை வேறு. மாண்டேகு ட்ரூயிட்டின் உடல் 1888 டிசம்பர் 31 அன்று தேம்ஸ் நதியில் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு மாதம் தண்ணீரில் கிடந்த உடல். மெக்நாட்டன் அவரை மருத்துவர் என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார். குறிப்பின் இன்னொரு வடிவத்தில் வயது 41 என்று இருக்கிறது. உண்மையில் அவர் வழக்கறிஞர், பிளாக்ஹீத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர், வயது 31. தொழிலும் தவறு, வயதும் தவறு. மீதி இருப்பது, அவர் குடும்பமே அவரைச் சந்தேகித்தது என்று தனக்குத் தனிப்பட்ட தகவல் வந்தது என்ற ஒரு வரி. யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவருக்கு எப்படித் தெரியும் என்பது எதுவும் இல்லை.

ஆனாலும் ட்ரூயிட்டை விட மனசில்லாதவர்கள் இருக்கிறார்கள். காரணம் புரிகிறது. கொலைகள் நவம்பரில் நின்றன, அவர் டிசம்பரில் செத்துப்போனார், கணக்கு சரியாக இருக்கிறது. இந்தக் கணக்கைத்தான் நான் மிகவும் பயத்தோடு பார்ப்பேன். நான் வேலை பார்த்த ஒரு வட்டத்தில் ஒரு வயதான அம்மாள் கொலையானார். மறுநாள் காலை அதே தெருவில் ஒரு பையன் ஊரைவிட்டுப் போயிருந்தான். ஊரே அவன்தான் என்றது. நான் திருப்பூருக்கு ஆள் அனுப்பினேன். பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர அதற்கு இரண்டு வாரம் முன்பே பேசி முன்பணம் வாங்கியிருந்தான். கிளம்ப வேண்டிய தேதி கொலைக்கு முன்பே முடிவானது. அவன் போனதற்கும் கொலைக்கும் பக்கத்துப் பக்கத்துத் தேதி என்பதைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. ட்ரூயிட் பள்ளி வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். தாயைப் போலத் தனக்கும் புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஒரு மனிதர் தண்ணீரில் விழ அதுவே போதுமான துயரம் இல்லையா?

அன்னி சாப்மன் கொல்லப்பட்ட அதே செப்டம்பர் 8 அன்று காலை பதினொன்றரை மணிக்கு ட்ரூயிட் பிளாக்ஹீத்தில் கிரிக்கெட் ஆடினார் என்பதும் பதிவில் இருக்கிறது. இதை மாணவர்கள் கண்டுபிடித்ததும் துள்ளுவார்கள். ஆனால் கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்று காட்டும் அலிபி ஆகாது இது. விடியற்காலையில் ஒயிட்சாப்பலில் இருந்தவர் பதினொன்றரைக்குள் பிளாக்ஹீத் போய்விடலாம். சந்தேகத்தைக் கொஞ்சம் இளைக்க வைக்கும், அவ்வளவுதான். அவருக்குச் சாதகமான விஷயத்தையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

வகுப்பில் அதிக நேரம் போவது அன்னி சாப்மன் இறந்த நேரத்தில்தான். ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் உடலைப் பார்த்தார்கள். ஆறரைக்கு வந்த போலீஸ் மருத்துவர் ஜார்ஜ் பேக்ஸ்டர் பிலிப்ஸ், இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அதாவது நாலரைக்கு முன்பு. ஆனால் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் ஏறக்குறைய நாலே முக்காலுக்கு அதே முற்றத்துப் படியில் உட்கார்ந்து, காலைக் கடித்த பூட்ஸ் தோலை அறுத்துக்கொண்டிருந்தார். அங்கே உடல் எதுவும் இல்லை என்கிறார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் ஐந்தேகால், ஐந்தரை வாக்கில் வேலிக்கு அப்பால் 'வேண்டாம்' என்ற குரலையும், கொஞ்ச நேரத்தில் வேலியில் ஏதோ மோதிய சத்தத்தையும் கேட்டார். எலிசபெத் லாங் என்ற பெண்மணி ஐந்தரைக்கு அந்த வீட்டு வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பெண் சாப்மன்தான் என்று பிணவறையில் அடையாளம் காட்டினார். மருத்துவர் சொல்வதை ஏற்றால் மூன்று சாட்சிகளும் தவறு. சாட்சிகளை ஏற்றால் மருத்துவர் தவறு. குளிர்ந்த காலை, ரத்தம் ஏராளமாகப் போன உடல் என்பதால் கணிப்பு மாறலாம் என்று மருத்துவரே மரண விசாரணையில் சொன்னார். பிரேதத்தைத் தொட்டுப் பார்த்து நேரம் சொல்வது எவ்வளவு நடுங்கும் தரை என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். நான் சாட்சிகள் பக்கம். விசாரணை நடத்திய கொரோனர் வின் பேக்ஸ்டரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்.

இதில் ஒரு மணி நேர வித்தியாசம் எதற்கு இவ்வளவு முக்கியம்? இங்கேதான் லெச்மியர் வருகிறார். சார்லஸ் லெச்மியர் ஒரு வண்டியோட்டி. பிக்ஃபோர்ட்ஸ் நிறுவனத்துக்கு வேலைக்கு நடந்து போகும் வழியில், பக்ஸ் ரோ தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸின் உடலை முதலில் பார்த்தவர். சமீப காலமாக இவர்தான் கொலையாளி என்று ஒரு கட்சி வளர்ந்திருக்கிறது. நான் இதை அலட்சியம் செய்ய மாட்டேன். மற்ற சந்தேக நபர்கள் யாரையும் எந்தக் கொலை இடத்திலும் உறுதியாக நிறுத்த முடியவில்லை. இவர் ஒரு உடலின் பக்கத்தில் நின்றார் என்பது சந்தேகமில்லாத உண்மை. முதலில் பார்த்தவரை முதலில் விசாரி என்பது நம் ஸ்டேஷன்களிலும் பழைய பழக்கம்தான். மரண விசாரணையில் 'கிராஸ்' என்று பெயர் சொன்னார் என்பது அவருக்கு எதிராக வைக்கப்படும் பெரிய வாதம். ஆனால் கிராஸ் அவருடைய வளர்ப்புத் தந்தையின் குடும்பப் பெயர்; வீட்டு முகவரியையும் வேலை செய்யும் இடத்தையும் சரியாகவே கொடுத்திருக்கிறார். ஒளிந்துகொள்ள நினைப்பவன் பெயரை மாற்றிவிட்டு வீட்டுக்கு வழி சொல்ல மாட்டான்.

சரி, அவருக்கு வேலை காலை நான்கு மணிக்கு. சாப்மன் நான்குக்கு முன்பே இறந்திருந்தால் லெச்மியர் பொருந்துகிறார். ஐந்தரைக்கு என்றால் அவர் வேலையில் இருந்திருக்க வேண்டிய நேரம். அதனால் அவர் கட்சிக்காரர்கள் மருத்துவரை நம்புகிறார்கள், மூன்று சாட்சிகளையும் தள்ளுகிறார்கள். ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் இதைத் தெளிவாகவே சொன்னாள்: "டாக்டர் சொன்ன டைமை எடுத்துக்கலாம் மேடம், அப்பதான் ஆள் பொருந்தறார்." அவள் அதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது. ஆளுக்கு ஏற்றபடி நேரத்தை எடுக்கக் கூடாது. ஆள் யார் என்றே தெரியாத நிலையில் நேரத்தை முடிவு செய்து, கேஸ் டைரியில் எழுதி, அதற்கப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாக அதன் முன் நிறுத்த வேண்டும். நான் எடுத்த வகுப்புகளில் உருப்படியானது ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கோஸ்மின்ஸ்கிக்கு மற்றவர்களைவிடக் கனம் அதிகம் என்று நினைக்கிறேன். பெயரின் ஊற்று நல்ல இடத்தில் இருக்கிறது. 1888-இல் இந்த வழக்கின் அத்தனை அறிக்கைகளும் தலைமை ஆய்வாளர் டொனால்ட் ஸ்வான்சனின் மேசைக்கு வந்தன. பின்னாளில் தன் மேலதிகாரி ராபர்ட் ஆண்டர்சன் 1910-இல் வெளியிட்ட நினைவுகளின் ஓரத்தில், சந்தேக நபர் கோஸ்மின்ஸ்கி என்று பென்சிலால் எழுதியவர் அவர்தான். சாட்சி அடையாளம் காட்டினார், ஆனால் கோஸ்மின்ஸ்கியைப் போலவே தானும் யூதர் என்பதால் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார் என்கிறது அந்தக் குறிப்பு. ஆனால் கோஸ்மின்ஸ்கி மனநோய் விடுதிக்குப் போய்ச் சீக்கிரமே இறந்துவிட்டார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. ஆவணங்களில் கிடைக்கும் ஆரோன் கோஸ்மின்ஸ்கி 1891 பிப்ரவரியில் கோல்னி ஹேட்ச் விடுதியில் சேர்க்கப்பட்டு 1919 வரை உயிரோடு இருந்தார். அங்குள்ள பதிவேட்டில் பிறருக்கு ஆபத்தானவர் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருமுறை தன் சகோதரியைக் கத்தி காட்டி மிரட்டினார் என்பதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த அடையாளம் காட்டிய சாட்சி யார்? பலர் நினைப்பது ஜோசப் லாவெண்டை. மைட்டர் சதுக்கத்தை ஒட்டிய சந்து வாயிலில், எட்டோஸின் உடல் கிடைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஓர் ஆணையும் பெண்ணையும் பார்த்தவர். அவரே மரண விசாரணையில், அந்த ஆளைத் திரும்பப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார். இரவு, சில நொடிப் பார்வை, ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து அடையாளம். நம் நீதிமன்றத்தில் தாமதமான அடையாள அணிவகுப்பை எதிர்த்தரப்பு வக்கீல் எப்படி உரித்தெடுப்பார் என்று கூண்டில் நின்று பார்த்தவள் நான். இது நிற்காது.

அதற்குப் பிறகு சால்வை வந்தது. எட்டோஸின் உடல் அருகே கிடந்தது என்று சொல்லப்படும் ஒரு பட்டுச் சால்வையில் கோஸ்மின்ஸ்கியின் மரபணு கிடைத்தது என்று 2014-இல் அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு மரபணு என்றால் வழக்கு முடிந்தது. நான் பொருளின் வழியைக் கேட்பேன். அன்றிரவு எட்டோஸின் உடைகளும் உடைமைகளும் சிறு பொருள்வரை பட்டியலிடப்பட்டன. அதில் இந்தச் சால்வை இல்லை. அதை எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் காவலர் மெட்ரோபாலிட்டன் போலீஸ்காரர். எட்டோஸ் இறந்து கிடந்த மைட்டர் சதுக்கமோ, லண்டனில் தனியாக இயங்கும் இன்னொரு போலீஸான சிட்டி போலீஸின் எல்லை. அபூர்வமானது என்று முதலில் சொன்ன ஒரு மரபணு மாற்றம், ஐரோப்பியர்களில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது என்று பின்னால் தெரிந்தது. சீல் இல்லாமல், கை மாறிய கணக்கு இல்லாமல் ஒரு துணியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் நம்மூர் மாஜிஸ்திரேட் திருப்பி அனுப்பிவிடுவார்.

அரச குடும்பத்து இளவரசர், அரச மருத்துவர், புகழ்பெற்ற ஓவியர் என்று வரும் கதைகளுக்கு நான் வகுப்பில் நேரம் ஒதுக்கியதில்லை. செப்டம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் ஸ்காட்லாந்தில் இருந்தார். அந்த அரச மருத்துவர் வில்லியம் கல் அதற்கு முந்தைய வருடமே பக்கவாதத்தில் விழுந்த எழுபது வயதைத் தாண்டியவர். இவர்கள் பெயர் சாட்சியிலிருந்து வரவில்லை, புகழிலிருந்து வந்தது.

வகுப்பு முடியும்போது எல்லோரும் கேட்பார்கள், உங்கள் கணிப்பில் யார் என்று. இந்தப் பட்டியல்களில் இல்லாத ஒருவன் என்றுதான் சொல்வேன். அந்தத் தெருக்களையும் பீட் காவலர்கள் சுற்றும் நேரத்தையும் அறிந்த உள்ளூர்க்காரன். 1888 அக்டோபர் 19 தேதியிட்ட ஸ்வான்சனின் அறிக்கையைப் படித்துக் காட்டுவேன். 80,000 துண்டுப் பிரசுரங்கள் வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். விடுதிகளில் 2,000 பேருக்கு மேல் விசாரித்திருக்கிறார்கள். சுமார் 80 பேரை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்து விசாரித்திருக்கிறார்கள், 300 பேருக்கு மேல் எங்கே போனார்கள் வந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள், 76 இறைச்சிக் கடைக்காரர்களையும் கசாப்புக்காரர்களையும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு வேலை செய்த காவலர்களின் குறிப்பேடுகளும் விசாரணைத் தாள்களும் பெரும்பாலும் இன்று இல்லை. சிட்டி போலீஸின் கோப்புகள் இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் போய்விட்டன. அந்த 300 பேரில் ஒருவனாக, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போயிருப்பான் என்பதுதான் என் எண்ணம்.