புதுத் தளம் இன்று காலை திறந்தது

படங்களும் வீடியோக்களும் பகிரும் எங்கள் தளத்தின் புது வடிவம் இன்று காலை வெளியே வந்துவிட்டது. நிறமும் எழுத்துருவும் மாறியிருப்பதுதான் முதலில் கண்ணில் படும். எனக்கு அதைவிட முக்கியம் பழைய இணைப்புகள். யாரோ ஒருவர் பல வருடம் முன்பு பாட்டியின் படத்தை ஏற்றி, முகவரியை உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருப்பார். அது திறக்காமல் போனால் புது வடிவமைப்பு இருந்து என்ன பயன்? ஒவ்வொரு பழைய முகவரிக்கும், திறப்பவரைப் புது முகவரிக்கு அனுப்பும் 301 திருப்புதல் வைத்தோம். பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது சொல்லும்.

அப்புறம் வேகம். கைபேசிக்கும் முழு அளவுப் படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது திரைக்கு ஏற்ற அளவை உலாவியே தேர்ந்தெடுக்கும்.

திறந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பிழை: நிமிர்த்தி எடுத்த படங்கள் பல பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. கைபேசிக் கேமராக்கள் பெரும்பாலும் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. எந்தப் பக்கம் மேல் என்று, படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பில் எழுதி வைக்கும். அதே குறிப்பில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் இருக்கலாம் என்பதால், அதை முழுவதும் அழித்திருந்தேன். கூடவே திசையும் போய்விட்டது. சரி, முதலில் படத்தைத் திருப்பி, பிறகு குறிப்பை அழிக்கும்படி வரிசையை மாற்றினேன். மதியத்துக்குள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. அழிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருவருடைய வீடு எங்கே என்பது அவர் பகிரும் பூனைப் படத்தில் தெரிவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பழைய பிளாஷ் வீடியோக்களை, இன்றைய உலாவிகளில் ஓடும் எம்பி4 வடிவத்துக்கு மாற்றும் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலாவியில் வீடியோ ஓட்ட உதவிய பிளாஷ் மென்பொருளுக்கு 2020 இறுதியில் அடோபி நிறுவனம் ஆதரவை நிறுத்தியதிலிருந்து அவை பார்க்க முடியாமல் கிடந்தன. முதல் வீடியோ இப்போதுதான் ஓடியது. நான் முழுவதும் பார்த்தேன்.