ரோமர் 12: ஒரு அதிகாரத்தோடு ஒன்பது மாதம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, "இந்த வருஷம் எனக்கு என்ன வந்திருக்கு" என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். வீட்டுக்கு வந்து அதை என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு வருஷம் பழைய அட்டைகளை எல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். ஒன்றில்கூட கட்டளை இல்லை. உன்னோடே இருப்பேன், உன்னை ஆசீர்வதிப்பேன், உன்னைப் பெருகப்பண்ணுவேன் என்றுதான் எல்லாமே. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு" என்று ஒரு அட்டை எனக்கு வந்ததேயில்லை.

அண்ணனோடு நான் பேச்சை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அப்பா இறந்த பிறகு வீட்டுப் பங்கில் வந்த மனஸ்தாபம்.

வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. இன்றும் எடுக்கிறேன். ஆனால் "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி" கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இயேசு, "சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்றார். மத்தேயு 28:20-ல் இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. எனக்குப் பின்பாதி மட்டும்தான் மனப்பாடமாக இருந்தது.

அந்த ஜனவரியில் வேதாகமத்தின் கட்டளைகளைப் படித்து அதன்படி நடந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். எங்கே தொடங்குவது? தோராவில், அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களில், மொத்தம் 613 கட்டளைகள் என்று யூத மதபோதகர்களான ரபிமார் கணக்குச் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் பட்டியல் போட உட்கார்ந்தால் வருஷம் பட்டியலிலேயே போய்விடும். அதனால் அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) பன்னிரண்டாம் அதிகாரத்தை, ரோமர் 12-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். சிறு வயதில் ஞாயிறு பள்ளி வேதப் பரீட்சைக்காக அந்த அதிகாரத்தை முழுதாக ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். 21 வசனத்தையும் மூச்சுவிடாமல் சொல்வேன். சொல்லத் தெரிந்த ஒன்றைச் செய்யத் தெரியுமா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

முதல் மாதம் நான் செய்தது தவறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9-ஆம் வசனத்திலிருந்து 21 வரை இருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட கட்டளைகளை நோட்டில் வரிசையாக எழுதி, நாளுக்கு ஒன்று என்று கட்டம் போட்டேன். திங்கள்: நம்பிக்கையிலே சந்தோஷம். செவ்வாய்: உபத்திரவத்திலே பொறுமை. ராத்திரி படுக்கும் முன் டிக் அடிப்பேன். டிக் விழுந்த நாள் மனதுக்குள் ஒரு பெருமை, விழாத நாள் குற்ற உணர்வு. இரண்டு வாரத்தில் ஜெபிக்கவே மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு மத்தியானம் ரோமர் நிருபத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டளைகளைப் படிக்க நினைக்கும் யாரையும் முதலில் இதைச் செய்யச் சொல்வேன்: கட்டளை எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அந்தப் புத்தகத்தை முழுதாக வாசியுங்கள். 12-ஆம் அதிகாரம் "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? அதற்கு முந்தைய பதினொரு அதிகாரங்களில் சொன்னது அப்படியிருக்க. பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததும், கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) இல்லை என்பதும் அப்படியிருக்க. "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்" என்று கேட்ட பிறகுதான் பவுல் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லத் தொடங்குகிறார். நானோ அந்த இரக்கத்தைச் சம்பாதிக்கத்தான் டிக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே அந்தக் கட்டத்தைக் கிழித்துப் போட்டேன்.

முழுதாக வாசித்ததில் கிடைத்த இன்னொரு பலன், இந்தக் கட்டளைகள் யார் காதில் முதலில் விழுந்தன என்று தெரிந்தது. ரோமச் சக்கரவர்த்தியான கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னதை அப்போஸ்தலர் 18:2 சொல்கிறது. கி.பி. 49-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது என்பார்கள். பவுல் கொரிந்துவிலிருந்து இந்த நிருபத்தை எழுதியது 57 வாக்கில். அதற்குள் யூதர்கள் பலர் திரும்பிவிட்டார்கள், சபையில் யூதரும் யூதரல்லாதவரும் மறுபடி ஒன்றாக இருந்தார்கள். அப்படி வெளியேறிய யூதத் தம்பதியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்கூடத் திரும்பி வந்து, தங்கள் வீட்டிலேயே சபை கூடிவரும்படி இருந்தார்கள். 14-ஆம் அதிகாரத்தைப் பார்த்தால், ஒருவன் எதையும் சாப்பிடுகிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறான், இருவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கிறார்கள். "ஒருவரோடொருவர் ஏகசிந்தையுள்ளவர்களாயிருங்கள்" என்பது அந்த வீட்டுக்குள், அந்தச் சாப்பாட்டுப் பந்தியில் வாசிக்கப்பட்ட வரி. நம் சபை விருந்தான அசனப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் உட்காருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். "தாழ்மையானவர்களுக்கு இணங்குங்கள்" என்ற கட்டளையை நம் சபைகள் சாதி விஷயத்தில் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது வார்த்தைகள். நம்மில் பலர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். அதில் சில சொற்கள் இன்று வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டன. "அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்" என்ற 11-ஆம் வசனத்தை நான் பல வருஷம் "களைத்துப் போகாதே, கவனமாக இரு" என்றே புரிந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து அலுப்பில் படுத்தால்கூட வசனத்தை மீறியதுபோல் ஒரு உறுத்தல். ஆனால் நீதிமொழிகள் 18:9-ல் "தன் வேலையில் அசதியாயிருப்பவன் அழிம்பனுக்குச் சகோதரன்" என்று வருகிறது. அங்கே அசதி என்றால் சோம்பல், ரோமரிலும் அதே பொருள்தான். ஜாக்கிரதை என்பதும் இங்கே ஊக்கத்தையும் முனைப்பையும் குறிக்கிறது. களைப்பு பாவம் என்று பவுல் சொல்லவே இல்லை. இது புரிந்த அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு கட்டளை தேவையில்லாத பாரமாகத் தெரிந்தால், கீழ்ப்படிய முடியவில்லையே என்று நொந்துகொள்ளும் முன் அந்தச் சொல் வேறு வசனங்களில் எப்படி வருகிறது என்று ஒத்துவாக்கியம் (ஒரு சொல் வரும் வசனங்களைக் காட்டும் பட்டியல்) பாருங்கள். இன்னொரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வாசிப்பதால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. கட்டளை ஒருவருக்கா பலருக்கா என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். இன்றைய ஆங்கில வேதாகமத்தில் இது தெரியாது. ரோமர் 12-ல் ஏறக்குறைய எல்லாமே "இருங்கள்", "நாடுங்கள்", "அழுங்கள்" என்று பன்மை, சபை முழுவதற்கும். நான் அதைத் தனியாக அறையில் உட்கார்ந்து செய்யப் பார்த்தேன், எப்படி முடியும்? "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" என்பதைத் தனியாளாகச் செய்ய வழியே இல்லை. ஆனால் 20-ஆம் வசனத்துக்கு வந்ததும் தொனி மாறுகிறது. "உன் சத்துரு பசியாயிருந்தால்" என்று ஒருமை வருகிறது. அது நீதிமொழிகள் 25-லிருந்து எடுத்த மேற்கோள். மேற்கோள் முடிந்த பிறகும் பவுல் பன்மைக்குத் திரும்பவில்லை. "நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு." கிரேக்க மூலத்திலும் இது ஒருமைதான். கூட்டம் முழுவதையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று என் முகத்தைப் பார்த்துப் பேசியது போல் இருந்தது. நோட்டில் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் நீ, நீங்கள் என்று குறித்து வையுங்கள். சின்ன வேலைதான், ஆனால் நிறையத் தெரியவரும்.

எல்லாக் கட்டளையும் அப்படியே நமக்கு இல்லை என்பதும் உண்மை. துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்று பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவிடம் சொன்னது தீமோத்தேயுவுக்கு மட்டும். "ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள்" என்று இதே நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. தென்னிந்திய திருச்சபை ஆராதனையில் நாம் கையோடு கை சேர்த்து சமாதானம் பகிர்கிறோம். வடிவம் மாறியது, கட்டளை நிற்கிறது. சில கட்டளைகளோ நமக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்கிறது உபாகமம் 22:8. எங்கள் மொட்டைமாடியில் ஒரு பக்கம் சுவர் இல்லாமலே கிடந்தது. கீழ் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு நான்கு அடி எழுப்பினேன். வசனம் வாசித்துச் செங்கல் வாங்கியது அதுதான் முதல் தடவை.

பிப்ரவரியிலிருந்து முறையை மாற்றினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டளை. அதன் கீழே ஒரு ஆளின் பெயர், ஒரு நாள், ஒரு செயல் எழுதவேண்டும். "அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் அது செல்லாது. "அந்நியரை உபசரிக்க நாடுங்கள்" என்ற கட்டளைக்குப் பக்கத்து மனையில் கட்டடவேலை செய்யும் வடமாநிலப் பையன்களை எழுதினேன். இந்த "நாடுங்கள்" என்ற சொல் கிரேக்கத்தில் துரத்திப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். அடுத்த வசனத்தில் "உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள்" என்று வருகிறதே, அங்கே இருப்பதும் அதே வினைச்சொல்தான். உன்னைத் துரத்துகிறவனை ஆசீர்வதி, நீ உபசரிப்பைத் துரத்து. வாசலில் வந்து நிற்கிறவருக்குச் சோறு போடுவது நமக்குப் பழக்கம். நாமாகத் தேடிப்போவதுதான் கூச்சமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீயும் பருப்பு வடையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் நாலு வார்த்தை. ஒருவன் செல்போனில் தன் அம்மாவின் படத்தைக் காட்டினான். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லவேண்டும். கட்டளையை எடுத்து அடுத்தவர் தலையில் வைக்காதீர்கள். புருஷனிடம் அடிவாங்கும் ஒரு சகோதரியிடம் "உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள்" என்று நம் ஜனங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் அங்கே நமக்கான கட்டளை: "பரிசுத்தவான்களுடைய குறைவில் அவர்களுக்கு உதவிசெய்யுங்கள்." "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்ற 18-ஆம் வசனத்தில் "கூடுமானால்" என்ற சொல் இருப்பதே, கூடாத இடங்களும் உண்டு என்று பவுலுக்குத் தெரிந்ததால்தான்.

ஆனால் என் விஷயத்தில் அந்தக் "கூடுமானால்" ஒரு சாக்காக இருந்தது. அண்ணனோடு கூடாது, எனவே விடுதலை என்று வைத்திருந்தேன். ஜூன் மாதம் அந்த வசனத்தை எழுதியபோது அடுத்த சொல்லில் பேனா நின்றது. "உங்களாலானமட்டும்." என்னால் ஆனது எது? பங்குப் பிரச்சினை என் ஒருவன் கையில் இல்லை. ஆனால் நான்கு வருஷமாக உறவினர் வீடுகளில் எல்லாம் அண்ணனைப் பற்றி நான் பேசியது முழுக்க என் கையில் இருந்தது. யாரிடம் என்ன சொன்னேன் என்று எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அதில் மூன்று பேரிடம் போய், "நான் அண்ணனைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொன்னேன். என் சித்திதான் முதல் ஆள். சித்தி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் அண்ணன் மகளுக்குத் திடப்படுத்தல், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைச் சபைக்கு முன் உறுதிசெய்யும் ஆராதனை. அழைப்பு வரவில்லை. அந்த இரண்டு வாரத்துக்கு என் நோட்டில் இருந்த வசனம் "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்." முதல் பாதிதான் கடினம் என்று அன்று தெரிந்தது. துக்க வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், போன நாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே துக்க வீட்டில் நின்றிருக்கிறோம். கோபமாக இருக்கும் அண்ணனின் சந்தோஷத்தில் போய் நிற்பதற்கு வேறு பலம் வேண்டும். போனேன். ஆராதனை முடிந்து பிள்ளையை ஆசீர்வதித்து ஒரு வேதாகமம் கொடுத்தேன். அண்ணன் "வா" என்றார். மதினி காபி கொண்டுவந்து தந்தார்கள். வீட்டுப் பங்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது அதைப் பற்றி நாங்கள் நேரில் பேசுகிறோம்.

செப்டம்பரில் அதிகாரம் முடிந்தது. சபையில் இன்னும் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். பன்மையில் சொன்னதைப் பன்மையில்தான் செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஒரு வசனம் வாசிப்போம், நோட்டைத் திறப்போம், "எழுதின ஆளைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்போம். பார்க்கவில்லை என்றால் யாரும் திட்டமாட்டோம், அவருக்காக ஜெபித்துவிட்டு அதே பெயரை அடுத்த வாரத்துக்கும் எழுதுவோம். இப்போது ரோமர் 13:8-ல் இருக்கிறோம்: அன்புகூருகிற கடனேயல்லாமல் மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள். போன ஞாயிறு நால்வரும் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒருவர், ஆறு வருஷத்துக்கு முன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஒரு தொகையையும், கொடுத்தவரின் பெயரையும், வியாழக்கிழமை என்றும் எழுதினார்.