உதவாமல் இருக்கும் வேலை

அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராகச் சேர்ந்ததும் என் மேசைக்கு முதலில் வந்தவை பாடநூல்கள் அல்ல, கோப்புகள். சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் இந்தத் தனிநபர் கல்வித் திட்டத்தை இங்கே எல்லோரும் ஐ.இ.பி. என்றே சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்று வீதம், சில கோப்புகள் முப்பது பக்கத்தைத் தாண்டின.

தமிழ்நாட்டில் நான் பணியாற்றியபோது பிள்ளையோடு வரும் முக்கியமான காகிதம் மாற்றுத்திறனாளி சான்றிதழ். அதில் குறைபாட்டின் அளவு சதவீதக் கணக்கில் இருக்கும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பல உரிமைகளுக்கு நாற்பது சதவீதம் என்ற வரம்பு உண்டு என்பதால் பெற்றோரின் கண் அந்த எண்ணிலேயே நிற்கும். அது எனக்கு வகுப்பறையில் ஒருநாளும் பயன்பட்டதில்லை. இங்கே கோப்பைத் திறந்தால், ‘படம் காட்டினால் பையைத் தானே மாட்டுகிறாள், முழங்கையைத் தொட்டுவிட்டால் ஜிப் போடுகிறாள்’ என்று எழுதியிருந்தது. பிள்ளை என்ன செய்கிறாள் என்பதோடு, எவ்வளவு உதவி கிடைத்தால் செய்கிறாள் என்பதும் பதிவாகியிருந்தது.

இந்தக் காகிதக் கட்டுக்குப் பின்னால் அமெரிக்காவில் 1975இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன் பத்து லட்சம் மாற்றுத்திறன் குழந்தைகள் அரசுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள் என்று அச்சட்டத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மூன்று வயது முதல் இருபத்தொன்று வரை இலவசமான, பொருத்தமான கல்வி. ஆண்டுக்கு ஒருமுறையாவது திட்டத்தை மறுபார்வையிட வேண்டும். பெற்றோர் அந்தக் குழுவின் உறுப்பினர்கள். ஏட்டில் எல்லாம் அழகுதான். கூடுதல் செலவில் நாற்பது சதவீதம் வரை தருவதாக அப்போது சொன்ன மத்திய அரசு இன்றுவரை அந்த அளவை எட்டியதில்லை. ஆள் பற்றாக்குறை தீராத தொழில் இது. என்னைப் போன்றவர்களுக்குக் கடல் கடந்து வேலை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நான் மறப்பதில்லை.

கோப்புகளைப் படிப்பது எளிது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினம். ஒரு பிள்ளை சட்டைப் பொத்தானோடு போராடும்போது நம் கை தானாக நீளும். வளர்ந்த விதம் அப்படி. இங்கே உதவிக்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, லேசாகத் தொடுவது, விரலால் சுட்டுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒவ்வொரு முயற்சிக்கும் எந்தப் படியில் நின்றோம் என்பதைத் தாளில் குறிக்க வேண்டும். ‘எடு, எடு’ என்று வாயால் சொல்வதைச் சிறிய உதவி என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதை விலக்குவதுதான் பெரும்பாடு. சொல் வராமல் கை அசையாது என்று பிள்ளை பழகிவிடுகிறது.

பேச்சு வராத ஒரு சிறுமி படங்களைத் தொட்டால் குரல் எழுப்பும் கருவியைப் பயன்படுத்துகிறாள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். வகுப்பறையில் பத்து நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏழாவது எட்டாவது நொடியில் அவள் விரல் திரையை நோக்கி நகரும். நான் மூன்றாவது நொடியில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில்தான் அது வெளிப்படும். நாங்கள் குறித்துவந்த தாள்கள் அந்தச் சிறுமிக்குத் தேவைப்படும் உதவி குறைந்திருப்பதைக் காட்டின. பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டத்தின் சார்பில் வந்தவர் உடனே, அப்படியானால் அவளுக்கென்று தனி உதவியாளர் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை; பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தால் மற்ற பிள்ளைகள் நெருங்க மாட்டார்கள். ஆனால் தாய்க்கு அது முன்னேற்றத்துக்கான தண்டனையாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் கேட்டது ஒன்றுதான்: “இரைச்சலான இடத்தில் இவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் யார் பார்ப்பார்கள்?”

என் தாள்களில் அதற்கு விடை இருந்தது. வகுப்பறையில் அவளுக்கு ஏறக்குறைய உதவியே தேவைப்படவில்லை. உணவுக்கூடத்திலும் பஸ் ஏறும் இடத்திலும் மட்டும் உதவி முன்பு போலவே தேவைப்பட்டது. 2017இல் இந்நாட்டு உச்ச நீதிமன்றம், திட்டம் பெயரளவு முன்னேற்றத்தோடு நின்றுவிடக் கூடாது, அந்தப் பிள்ளையின் சூழலுக்கு ஏற்ற முன்னேற்றத்தைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதை நான் கூட்டத்தில் எடுத்துப் பேசவில்லை. இடம்வாரியாகப் பிரித்த தாள்களை மேசைமேல் பரப்பினேன்.

வகுப்பறையில் உதவியாளரை விலக்குவது, உணவுக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. குளிர்கால விடுமுறைக்குப் பின் குழு மீண்டும் கூட வேண்டும் என்பதையும் திட்டத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அந்தத் தாய் கையெழுத்திட்டார்.